மேட்டூர் நிரம்பினாலும் தண்ணி பத்தாது: ப்ளஸ் ஒன் எகனாமிக்ஸும் எங்க பெரியப்பா வயலும்

அண்ணன் மக இந்த வருஷம் ப்ளஸ் ஒன். எகனாமிக்ஸ் புக்கைத் திறந்தா முதல் பாடத்துலயே எகனாமிக்ஸ்னா என்னன்னு வரிசையா நாலு இலக்கணம், ஆடம் ஸ்மித் செல்வம்னாரு, மார்ஷல் நலம்னாரு, ராபின்ஸ் பற்றாக்குறைன்னாரு, சாமுவேல்சன் வளர்ச்சின்னாரு, இதை மாத்தி எழுதாம இருந்தா மார்க். போன் போட்டு கேக்குறா, "சித்தப்பா, ஆசைக்கு அளவில்ல, கையில இருக்கறது கொஞ்சம், அதனால எது வேணும்னு தேர்ந்தெடுக்கணும், அவ்ளோதானே ராபின்ஸ் சொல்றாரு? இது எங்க அம்மாவுக்கே தெரியுமே, இதுக்கு எதுக்கு லண்டன் ப்ரொஃபசர்?"

கேள்வி நியாயம்தான். ஆனா அவ பாதியை விட்டுட்டா. ராபின்ஸ் 1932ல எழுதினப்ப கொஞ்சமா இருக்குன்னு மட்டும் சொல்லல, அந்தக் கொஞ்சத்தையே வேற வேற வேலைக்கும் பயன்படுத்தலாம்னு ஒண்ணு சேர்த்தாரு பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. ஒரு பொருள் எவ்ளோ கம்மியா இருந்தாலும் அதை வெச்சு ஒரே ஒரு வேலைதான் பண்ண முடியும்னா அங்க முடிவெடுக்க எதுவுமே இல்ல, எடுத்தோம் பண்ணினோம்னு போயிடலாம். ஒரே பொருளை நாலு பேர் நாலு காரணத்துக்குக் கேட்டு, நாலும் நியாயமா இருக்குறப்பதான் எகனாமிக்ஸ் ஆரம்பிக்குது. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் காவிரித் தண்ணி. நான் பொறந்தது திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை, அதாவது ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம், அதனால வேற உதாரணம் வாயில வராதுன்னும் வெச்சுக்கலாம்.

மேட்டூர் அணையோட முழு கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்ச அணை. ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர், கேட்டா மலைப்பா இருக்கும், அப்போ 93 டிஎம்சின்னா ஏழு தலைமுறைக்கு வரும்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க திறந்துவிட்டா ஒரு டிஎம்சி காலி. டெல்டாவுக்கு 15,000 கனஅடி விடறதா வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 1.3 டிஎம்சி போகும், அப்போ நிரம்பி வழியற அணை கூட, மேல இருந்து ஒரு சொட்டு வராட்டி, எழுபத்து சொச்சம் நாள்தான் தாங்கும். அடி மட்டம் வரைக்கும் வழிச்சு எடுத்தாத்தான் அதுவும். பாசன சீசனோ ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடற வரைக்கும், ஏழரை மாசம்.

அதனாலதான் சொல்றேன், டிவில "மேட்டூர் அணை நிரம்பியது, விவசாயிகள் மகிழ்ச்சி"ன்னு ஸ்க்ரோல் ஓடறப்பவும் தட்டுப்பாடு இருந்துக்கிட்டேதான் இருக்கு. அந்த 93லேர்ந்துதான் வழியில இருக்கற கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கும் போகணும், மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கும் போகணும், 2004லேர்ந்து வீராணம் ஏரி வழியா சென்னைக்காரங்க குடிக்கிறதும் இதே ஆத்துத் தண்ணிதான். மைலாப்பூர்ல ஒருத்தர் குழாயைத் திறந்தா வீராணம் ஏரி இருக்கற காட்டுமன்னார்கோயில் பக்கத்துல ஒருத்தருக்கு பக்குனு இருக்கும், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கவே மாட்டாங்க.

இந்தப் பங்கு பிரிக்கிற வேலையை சந்தை செய்யல, கோர்ட் செஞ்சுது. 2018 பிப்ரவரி 16ல வந்த உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்பை சட்டமா பாக்காம எகனாமிக்ஸ் பாடமா ஒரு தடவை பாருங்க. காவிரியில வருஷத்துக்கு மொத்தம் 740 டிஎம்சின்னு வெச்சுக்கிட்டு தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகாவுக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாம கடலுக்குப் போறது 4. முன்னாடி காவிரி நடுவர் மன்றம் 2007ல குடுத்ததைவிட கர்நாடகாவுக்கு 14.75 கூட, அதுல 4.75 பெங்களூர் குடிதண்ணிக்குன்னே சொன்னாங்க, நமக்குக் குறைச்சதுக்கு டெல்டாவுல நிலத்தடி நீர் இருக்கேன்னு ஒரு காரணமும் காட்டினாங்க. சரி தப்புன்னு நான் இங்க சண்டை போட வரல. ஒரு பக்கம் கூடினா இன்னொரு பக்கம் அதே அளவு குறையுது, மொத்தம் 740ஐத் தாண்டாது, கூட்டிப் பாத்துக்கங்க. புக்குல வளைகோடு போட்டு காட்டறாங்களே உற்பத்தி வாய்ப்பு வளைகோடுன்னு, அது என்னமோ பெரிய சமாசாரம்னு பயப்பட வேண்டாம், இந்தக் கூட்டல்தான் அது.

இப்ப பெரியப்பாகிட்ட வருவோம். அவருக்கு மூணு ஏக்கர், எங்க ஊர்க் கணக்குல ஒம்போது மா. மே மாசக் கடைசியில அவர் திண்ணையில உக்காந்து பேப்பரை விரிச்சா விளையாட்டு பக்கம் கூட அப்புறம்தான், முதல்ல மேட்டூர் நீர்மட்டம். ஜூன் 12க்கு திறந்தா குறுவை போடலாம், நூத்திப்பத்து நாள் பயிர், ஆடுதுறை 36, 43ன்னு எதையாவது விட்டு புரட்டாசியில அறுத்துட்டு அதே வயல்ல தாளடி போட்டுடலாம், ரெண்டு போகம். திறக்கலைன்னா குறுவையை விட்டுட்டு ஆடி ஆவணி வரைக்கும் காத்திருந்து ஒரே போகம் சம்பா, நீண்ட நாள் ரகம், எங்க பக்கம் சிஆர் 1009தான் ஜாஸ்தி, அது கொஞ்சம் தண்ணியில நின்னாலும் தாங்கும். ஒரு போகம் சம்பாவுல பெருசா அள்ள முடியாது, ஆனா பெருசா போகவும் போகாது. குறுவையில ஜெயிச்சா நல்ல காசு, தோத்தா உழவு, விதை, உரம், கூலி மொத்தமும் மண்ணுக்குள்ள.

இதுல கூத்து என்னன்னா அணை திறக்கற தேதி அவர் கையில இல்ல, காவிரி பொறக்கற குடகுல மழை எப்ப விழும்ங்கறது யார் கையிலயும் இல்ல. 2012ல திறந்தது செப்டம்பர் 17, 2016ல செப்டம்பர் 20, 2017ல அக்டோபர் 2, அந்த வருஷமெல்லாம் ஆத்துத் தண்ணிய நம்பின குறுவைன்னு ஒண்ணே கிடையாது. 2022ல மே 24லயே திறந்துட்டாங்க. 2023தான் ரொம்ப மோசம், சரியா ஜூன் 12க்கு திறந்தாங்க, எல்லாரும் நம்பி இறங்கினாங்க, அப்புறம் மேல இருந்து வர்றது கொறைஞ்சு அக்டோபர் 10ம் தேதி பாசனத்துக்கு விடறதையே நிறுத்திட்டாங்க. கடைமடையில கதிர் வர்ற நேரத்துல பயிர் காஞ்சுது. அரசு நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய்னு அறிவிச்சுது, ஏக்கருக்குப் பாத்தா அஞ்சாயிரத்து ஐநூறு கூட வரல, டிராக்டர் வாடகையைக் கழிச்சா மிச்சத்துக்கு டீ குடிக்கலாம்.

அந்த வருஷம் பெரியப்பா குறுவை போடல. ஊரே போட்டப்ப அவர் மட்டும் போடல, பெரியம்மா கூட திட்டினாங்க, "எல்லாரும் நாத்து விட்டாச்சு, நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருங்க"ன்னு. அப்புறம் பயிர் காஞ்சப்ப எல்லாரும் அவரை பெரிய மூளைக்காரர் மாதிரி பாத்தாங்க. அவர்கிட்ட கேட்டேன், எப்படி தெரிஞ்சுதுன்னு. "தெரியலடா தம்பி, எங்கிட்ட அன்னைக்கு காசு இல்ல, அதான்." இதுக்கு முந்தின வருஷம், மே மாசமே திறந்தாங்களே, அப்பவும் அவர் போடல. அந்த வருஷம் பக்கத்து வயல்காரர் குறுவை அறுத்து மூட்டை மூட்டையா ஏத்தினாரு, நம்ம வயல்ல ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெரியப்பா பாக்கெட்லேர்ந்து ஒரு ரூபா போகல, ஆனா அந்தப் பக்கத்து வயல் மூட்டைதான் அவரோட செலவு. வாய்ப்புச் செலவுன்னு புக்குல ஒண்ணரை வரியில முடிச்சிருப்பாங்க. ரசீது வராத செலவுங்கறதால யாரும் கணக்குல எழுத மாட்டாங்க, ஆனா மனசுல மட்டும் எப்பவும் வட்டியோட ஏறிக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு பாருங்க. ஆடம் ஸ்மித் காலத்துலேர்ந்து ஒரு கேள்வி இருக்கு, தண்ணி இல்லாம உயிர் இல்ல, அது சும்மா கிடைக்குது, வைரம் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது, அதுக்கு ஏன் அந்த விலைன்னு. பதில் புக்குல இறுதிநிலைப் பயன்பாடு அது இதுன்னு வரும். எங்க ஊர்ல வைரமெல்லாம் தேவையில்ல, தண்ணியை மட்டும் வெச்சே சொல்லிடலாம். செப்டம்பர்ல கதிர் பால் பிடிக்கிற நேரத்துல ஒரே ஒரு தண்ணி பாய்ச்ச முடியாம டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்து குளத்துலேர்ந்து இறைப்பாங்க, மணிக்கு இவ்வளவுன்னு வாடகை, டீசல் தனி, அதுக்கும் க்யூ. நவம்பர்ல அதே வயல்ல இடுப்பளவு தண்ணி நிக்கும், அதே இன்ஜினை அதே ஆள்கிட்ட வாடகைக்கு எடுத்து, பைப்பைத் திருப்பிப் போட்டு, வடிகால்ல இறைச்சு வெளிய விடுவாங்க. ரெண்டு மாசம்தான் இடைவெளி. அன்னைக்குக் காசு குடுத்து உள்ள விட்டோம், இன்னைக்குக் காசு குடுத்து வெளிய தள்றோம். தண்ணிக்குன்னு ஒரு விலை இல்ல, அடுத்த ஒரு அங்குலத் தண்ணி இப்ப எனக்கு என்ன செய்யுங்கறதுக்குத்தான் விலை. இன்ஜின்காரர்தான் ரெண்டு தடவையும் சம்பாதிக்கிறாரு, எகனாமிக்ஸ் புரிஞ்ச ஆள்.

உற்பத்திக் காரணிகள் நாலுன்னு அண்ணன் மக ஒப்பிப்பா, நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு. நிலம்னு மொட்டையா சொன்னா பத்தாது, தலைமடையில ஒரு ஏக்கரும் கடைமடையில ஒரு ஏக்கரும் பத்திரத்துலதான் ஒண்ணு. அந்த நிலத்துக்கும் போட்டி உண்டு. தொண்ணூறுகள்ல நாகை கடலோரத்துல நெல்வயலை வெட்டி இறால் பண்ணை போட்டாங்க, போட்டவருக்கு லாபம், பக்கத்து வயல்காரருக்கு உப்பு. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதனும் போராடி, கோர்ட்டுக்குப் போயி 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துது. அப்புறம் மீத்தேன், ஹைட்ரோகார்பன் எடுக்கற திட்டம்னு வந்து, 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமே போட்டாங்க. அடியில எண்ணெய், மேல நெல், ரெண்டும் வேணும்னா முடியாது.

மூலதனம்னா பணம்னு நினைச்சுக்கறாங்க, அதுவும் தப்பு. திருச்சி பக்கம் முக்கொம்புல, காவிரியிலேர்ந்து பிரியற கொள்ளிடத்து மேல இருந்த மேலணை மூலதனம். வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836ல கட்டினது. 2018 ஆகஸ்ட்ல கர்நாடகாவுல மழை பொளந்து கட்டி, ரொம்ப நாள் வறண்டு கிடந்த ஆத்துல வெள்ளம் வந்து, 22ம் தேதி ராத்திரி ஒம்போது மதகு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. 182 வருஷம் உழைச்ச மூலதனம், அதுக்குப் பராமரிப்புன்னு ஒதுக்கற காசை வேற எதுக்காவது ஒதுக்கிடலாம்னு ஒவ்வொரு வருஷமும் யாரோ தேர்ந்தெடுத்திருப்பாங்கல்ல, அந்தத் தேர்வெல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில பில்லு குடுத்துச்சு. எனக்கு அப்படித்தான் தோணுது. கோடி கோடியா தண்ணி கடலுக்குப் போயிக்கிட்டு இருக்கு, கடைமடைக்கு வந்து சேரல, அதே வருஷம், அதே மாசம்.

உழைப்பு விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. முன்னாடி ஒரு ஏக்கர் நடவுன்னா பத்து பதினஞ்சு பொம்பளைங்க வரிசையா இறங்குவாங்க. இப்ப ஆள் கிடைக்கல. எல்லாரும் நூறு நாள் வேலையைத்தான் திட்டறாங்க, டீக்கடையில உக்காந்தா இதே பாட்டுதான், "நூறு நாள் வேலை வந்து சனங்களை சோம்பேறி ஆக்கிடுச்சு." எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நிலம் வெச்சிருக்கறவர் குறுவையா சம்பாவான்னு கணக்குப் போட்டா அது புத்திசாலித்தனம், நடவுக்கு வர்ற அக்கா சேத்துல குனிஞ்சு நிக்கிறதா, திருப்பூர்ல பையன்கூட போயி இருக்கறதான்னு கணக்குப் போட்டா அது சோம்பேறித்தனமா? அவங்க உழைப்புக்கும் இப்ப நாலு இடத்துல கிராக்கி, அதனால கூலி ஏறுது. நியாயமாப் பாத்தா இத்தனை வருஷம் வேற வழியே இல்லாம இருந்ததுதான் தப்பு. இப்ப மேற்கு வங்காளம், பீகார்லேர்ந்து ஆளுங்க டெல்டாவுக்கு வந்து நடவு நடறாங்க, அவங்க ஊர்ல அவங்க வயல்ல யார் நடறாங்களோ.

ஆள் விலை ஏறினா மெஷின் வரும், அது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். நடவை விட்டுட்டு நேரடி விதைப்பு, அறுப்புக்கு சேலம், ஆத்தூர் பக்கத்துலேர்ந்து வர்ற அறுவடை மெஷின். அரை நாள்ல மூணு ஏக்கரும் முடிஞ்சுடும். வாடகையைப் பாத்தா ஆள் விட்டு அறுக்கறதுல பாதி கூட ஆகாது, அப்போ லாபம்தானேன்னு தோணும். இங்கதான் உளுந்து வருது.

எங்க பக்கம் சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கறப்ப, வயல் மெழுகுப் பதத்துல இருக்கும், நிக்கிற நெல்லுக்கு நடுவுலயே உளுந்தைத் தெளிச்சு விட்டுடுவாங்க. உழவு கிடையாது, தண்ணி கிடையாது, மண்ணுல இருக்கற ஈரமும் மார்கழி தைப் பனியுமே போதும், எழுபது நாள்ல உளுந்து கைக்கு வந்துடும். குனிஞ்சு அரிவாளால அறுத்த காலத்துல முளைச்ச உளுந்துக்கு ஒண்ணும் ஆகாது, நெல்லை எடுத்ததும் வெளிச்சம் பட்டு கிடுகிடுன்னு வரும். டன் கணக்குல எடை இருக்கற மெஷின் இறங்கினா? ரெண்டு இலை விட்ட உளுந்து டயர் தடத்துல நசுங்கிப் போகும், மண்ணு இறுகிப் போகும், பின்னாடி கொட்டுற வைக்கோல் மூடிக்கிச்சுன்னா மீதியும் வெளுத்துப் போகும். டயருக்குப் பதிலா பெல்ட்ல ஓடற மெஷின்னா தேவலாம், அதுக்கு வாடகை கூட. அதனால நிறைய பேர் உளுந்து தெளிக்கறதையே விட்டுட்டாங்க. மெஷின் வாடகை மட்டும் பாத்தவங்களுக்கு மெஷின் மலிவு, கூட நசுங்கின உளுந்தையும் எழுதிப் பாத்தா அவ்ளோ மலிவில்ல. நெல்லுதான் நமக்கு, உளுந்து சும்மா கிடைச்சதுன்னு நினைச்சதால அதைச் செலவுல யாரும் எழுதல.

சரி, இவ்ளோ தண்ணிக் கஷ்டம் இருக்கே, ஒரு கிலோ அரிசிக்கு சுமார் 2,500 லிட்டர் தண்ணி குடிக்கிற பயிரை எதுக்குத் திரும்பத் திரும்பப் போடறீங்க, மாத்தலாமேன்னு மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்க கேப்பாங்க. நவம்பர்ல இடுப்பளவு தண்ணியில நெல்லைத் தவிர எது நிக்கும்னு முதல்ல அவங்கதான் சொல்லணும். அது பாதி பதில். மீதி பாதி கொள்முதல் நிலையத்துல இருக்கு.

நெல்லுக்கு விலை முன்னாடியே தெரியும். 2025-26க்கு சன்ன ரகம் குவிண்டால் 2,545, பொது ரகம் 2,500, மத்திய அரசு விலைக்கு மேல மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 40 கிலோ மூட்டையாக் கட்டணும், மழை வந்தா ரோட்டுல தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டு பத்து நாள் காவல் இருக்கணும், மூட்டைக்கு இவ்வளவுன்னு தனியா வாங்கறதைப் பத்தி எல்லாரும் புலம்புவாங்க, எல்லாம் சரி, ஆனா வாங்க ஆள் இருக்கு, அதுவும் ஊர்ப் பக்கத்துலயே. 2011 ஜூன்லேர்ந்து ரேஷன்ல அரிசி இலவசம், அதுக்கு நெல்லு வேணும், அதனால அரசு வாங்கியே ஆகணும். என்ன உற்பத்தி பண்ணறது, எப்படிப் பண்ணறது, யாருக்காகப் பண்ணறதுன்னு புக்குல மூணு கேள்வி வருமே, மூணாவது கேள்விக்கு ரேஷன் கடையில பதில் எழுதிட்டாங்க, அதுலேர்ந்து முதல் கேள்விக்கு பதில் தானா வந்துடுச்சு. பெரியப்பா திண்ணையில உக்காந்து தேர்ந்தெடுக்கறது மிச்சம் இருக்கறதைத்தான்.

உளுந்துக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைன்னு ஒண்ணு அறிவிக்கறாங்க, விலையைப் பாத்தா நெல்லு பக்கத்துலயே வர முடியாது. ஆனா நெல்லுக்கு மாதிரி ஊருக்கு ஊரு எடை மெஷினை வெச்சுக்கிட்டு வாங்க ஆள் உக்காந்திருக்கல. போன தை மாசம் பெரியப்பா ஒரு ஏக்கர்ல மட்டும் உளுந்து தெளிச்சு, அந்த ஏக்கருக்கு மட்டும் ஆள் விட்டு அறுத்தாரு, மத்த ரெண்டுக்கும் மெஷின். விளைஞ்சதுல வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை வண்டியில வந்த வியாபாரி சொன்ன விலைக்கே போட்டாரு. இந்த வருஷமும் அந்த ஒரு ஏக்கர் உண்டான்னு கேட்டேன், அறுக்க ஆள் வந்தா உண்டுன்னாரு.